ஊசிவால் வாத்து பார்க்கப் போய் மனை பார்த்த கதை

ஒரகடம் பக்கம் குளிர்காலத்தில் ஒருநாள் போய்வர நல்ல இடம் இருக்கிறதா என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். பறவை பார்க்க முடியுமா, குடும்பத்தோடு போகலாமா, சாப்பாடு கிடைக்குமா என்று கூடவே மூன்று கேள்விகள். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் 1991 டிசம்பரில் நான் போன பயணத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் அதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் மறதி இல்லை, வயிற்றெரிச்சல்.

அப்போது எனக்குக் குன்றத்தூரில் வீடு. அப்பா கட்டியது. கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. மழை முடிந்து பனி இறங்கிவிட்டால் எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு பைத்தியம் பிடிக்கும். ஒரு கூட்டம் விடியற்காலையில் பூப்பந்து ஆடப் போகும். இன்னொரு கூட்டம் ஷிப்ட் முடிந்ததும் டியூப் லைட் கட்டி ஷட்டில் ஆடும். எனக்கு ஏரிக்கரை. கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய சாமான் கடையில் வாங்கிய பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பேன். முன்பின் தெரியாதவர்கள் என்னைச் சர்வேயர் என்றும், தெரிந்தவர்கள் என்னைக் கிறுக்கன் என்றும் நினைத்தார்கள்.

இந்த நடையில் நான்கு குளிர்காலமாக எனக்குத் துணை சம்பத். எங்கள் கேன்டீன் சூப்பர்வைசர். அவனுக்குப் பறவையும் கிடையாது, ஏரியும் கிடையாது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் பேச்சுத் துணைக்கு அவனை மிஞ்ச ஆளில்லை. எந்த ஏரியில் எந்த மூலையில் என்ன வாத்து இறங்கும் என்பதெல்லாம் என்னோடு நடந்து நடந்தே அவனுக்கு அத்துப்படியாகிவிட்டது. அதற்கெல்லாம் அவன் தனியாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது.

இன்னொருவர் தேவசகாயம். லேத் ஆபரேட்டர். அவருடைய குளிர்காலப் பைத்தியம் கிறிஸ்துமஸ் குடில். கடையில் விற்கிற மண் பொம்மைகளை அவர் தொடமாட்டார். இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கிப் போய், தானே மாடு, ஆடு, ஒட்டகம் எல்லாம் செதுக்குவார். நம்ம ஊரில் இயேசு பிறந்திருந்தால் நம்ம ஊர் ஜீவன்கள்தானே சுற்றி நிற்கும் என்று அவர் குடிலில் ஒரு கோழியும் ஒரு கொக்கும் உண்டு. அந்த வருடம் அவருக்கு ஊசிவால் வாத்து செதுக்க ஆசை வந்துவிட்டது. என் புத்தகத்தில் படத்தைப் பார்த்ததன் வினை. இரண்டு மூன்று செய்து பார்த்தார், கழுத்து சரியாக வரவில்லை.

"படத்துல ஒரு பக்கந்தான சார் தெரியுது. மறுபக்கம் நான் இன்னா பண்றது? கண்ணால ஒருவாட்டி பாத்தாத்தான் வரும்" என்றார்.

அவர் குன்றத்தூரிலேயே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். மனைவி ரெஜினா, இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், தை பிறந்ததும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஐந்து வருடத்தில் அது அவர்களுக்கு நாலாவது வீடு. குடில் பொம்மைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்கு வீடு தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ரெஜினா ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். இனி ஒரு வீடு என்றால் அது சொந்த வீடுதான் என்பது அவருடைய வைராக்கியம்.

இந்த நேரத்தில்தான் சம்பத் ஒரு செய்தியோடு வந்தான். "இந்த வருஷம் எல்லாரையும் கூட்டிக்கினு ஒரு வின்டர் வாக் போறோம்ப்பா. ஒரகடம் பக்கம் நம்ம ஏரி கீதே, அங்க. வேன் ஃப்ரீ, டிபன் ஃப்ரீ, மத்தியானம் பிரியாணி ஃப்ரீ."

"யார் காசு?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ பறவைய காட்டு. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்பார்கள். நான் குடித்தேன். கையோடு தேவசகாயத்திடம் போய், உங்கள் வாத்தை நேரில் காட்டுகிறேன், வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னேன். பிள்ளைகளுக்குச் சளி என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவரும் ரெஜினாவும் வருவதாக ஏற்பாடு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. காலை ஆறு மணிக்குக் குன்றத்தூர் மலைக்கோயில் அடிவாரத்தில் இரண்டு வேன்கள் நின்றன. ஆண்களும் பெண்களுமாக முப்பது பேருக்குக் குறையாது. அதில் பாதிப் பேரை நான் கம்பெனியில் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பனியில் முன்கண்ணாடி தெரியாமல் டிரைவர் துடைத்துத் துடைத்து ஓட்டினார். ஸ்ரீபெரும்புதூர் இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் ஆனது. அங்கே டீ. கூடவே இட்லி, வடை, கேசரி வைத்த பொட்டலம் ஆளுக்கொன்று. நடைப்பயணத்துக்குக் கேசரி எதற்கு என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ருசியாக இருந்தது.

டீக்கடை வாசலில் பழக்க தோஷத்தில் பைனாகுலரை எடுத்துத் துடைத்தேன். மறு நிமிடம் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்றார். அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் பைனாகுலரோடு நிற்கிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். என்ன, ஏது, எந்த ஊர் என்று கேட்டார். சம்பத் இறங்கி வந்து, "சார் எங்க பறவை எக்ஸ்பர்ட் சார்" என்று சிரித்துக்கொண்டே சமாளித்தான். எக்ஸ்பர்ட் என்ற வார்த்தையில் எனக்கு மனசு குளிர்ந்துதான் போனது. மறைக்க என்ன இருக்கிறது.

அங்கிருந்து ஒரகடம் சாலை. இன்றைக்கு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலையில் போகிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள், எதிரே வந்தது இரண்டு மாட்டு வண்டியும் ஒரு டவுன் பஸ்ஸும்தான். பத்து கிலோமீட்டருக்குள் இடதுபுறம் ஒரு மண்பாதையில் திரும்பினோம். ஏரியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் மனை விலை விழுகிறது என்று அங்கே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.

ஏழரை மணிக்குக் கரை மேல் ஏறினோம். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். பனி விலக விலகத் தண்ணீர் தெரிந்தது. கிளுவைக் கூட்டம், நாமக்கோழி, தட்டைவாயன், கரையோரம் உள்ளான்கள். எல்லாருக்கும் வரிசையில் பைனாகுலர் கொடுத்தேன். தேவசகாயத்தின் முறை வந்தபோது அவர் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. தூரத்தில் ஊசிவால்கள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கிக்கொண்டு மேய்ந்தன. அவ்வப்போது ஒன்று நிமிர்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்.

"அட, பின்னால இப்பிடி இறங்குதா!" என்றார். பைனாகுலரை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு அங்கேயே குந்தினார். பையிலிருந்து ஒரு குளியல் சோப்பையும் பேனாக்கத்தியையும் எடுத்தார். பார்ப்பதும் சீவுவதுமாகக் கால் மணி நேரத்தில் கழுத்தைப் பிடித்துவிட்டார். ரெஜினா அதை வாங்கிப் பார்த்து, "இத்த வெச்சி குளிக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது" என்று சிரித்தார். நான்கு வருடம் அந்தக் கரையில் நடந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்தச் சிரிப்புதான். அதோடு பயணம் முடிந்திருந்தால் இது நல்ல பதிவாக இருந்திருக்கும்.

சம்பத் எல்லாரையும் கரையின் வடகோடிக்கு நடத்திக்கொண்டு போனான். ஒரு கிலோமீட்டர் இருக்கும். அங்கே இறங்கியதும் பார்த்தால் ஷாமியானா. மைக். கலர் கொடிகள். புதுச் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசை வரிசையாக நட்டிருந்தன. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் செருப்புமாக ஒருவர் கும்பிட்டு வரவேற்றார். மனை போடுகிற முதலாளி. தன் மகள் பெயரையே நகருக்கு வைத்திருந்தார். எனக்கு அப்போதுதான் கேசரியின் அர்த்தம் புரிந்தது.

சம்பத் மைக்கைப் பிடித்தான். நான்கு வருடமாக அவன் என்னோடு நடந்து கேட்டதெல்லாம் அதில் வந்தது. "நம்ம சார் இப்ப காட்னாரே, அதெல்லாம் ரஷ்யா பறவைங்க. எத்தினி ஆயிரம் மைல் தாண்டி எடம் தேடிக்கினு இங்க வருது! பறவைக்கே தெரியுது இது நல்ல எடம்னு. நாம யோசிச்சிக்கினு நிக்கலாமா?" கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. முதலாளி எனக்கு ஒரு சால்வை போட்டார். சால்வையோடு நின்றேன். தூண்டிலில் குத்தின புழுவுக்குச் சால்வை போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கோபத்தில் கூட்டத்தை விட்டு விலகி, கற்களின் வரிசையோடு நடந்தேன். கடைசி இரண்டு வரிசைக் கற்கள் தண்ணீரில் நின்றன. கணுக்கால் ஆழம். அந்தக் கற்களுக்கு நடுவே ஊசிவால்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் பார்த்தவரை நேற்றுப் பெய்த மழைத் தேக்கத்தில் அவை இப்படி மேயாது. அடியில் பாசியும் நத்தையும் பல வருடமாக இருக்கிற இடத்தில்தான் மேயும். கரையேறி நின்ற கருவேல மரங்களைப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்குப் பட்டையில் காய்ந்த பாசி ஒட்டியிருந்தது. ஷாமியானா போட்டிருந்த இடத்துக் கருவேலத்திலும் அதே உயரம். முக்கால்வாசி நகர் ஏரிக்குள் இருந்தது.

ஓடி வந்தேன். தேவசகாயமும் ரெஜினாவும் அதற்குள் ஒரு மனையில் நின்றிருந்தார்கள். ரெஜினா காலடியால் அளந்து, இது அடுப்பங்கரை, இது ஹால் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் ஒரு மூலையைக் காட்டி, "இங்க குடில். இனிமே டின்னுல போட வேணாம்" என்றார்.

"தேவசகாயம், இது ஏரிங்க. மரத்தைப் பாருங்க, தண்ணி எவ்வளவு உயரம் ஏறுதுன்னு தெரியுது" என்றேன்.

பக்கத்தில் வந்த முதலாளி பதறவே இல்லை. "அது போன மாசம் பெஞ்ச மழை சார். நாங்க மண்ணு கொட்டி மேடாக்கித்தான் குடுப்போம். பஞ்சாயத்து அப்ரூவல் கீது" என்றார்.

"மழைத் தண்ணின்னா வாத்து இங்கே மேயாது" என்றேன். இன்றைக்கு யோசித்தால், வீடு வாங்க நிற்கிறவர்களிடம் வாத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பத் அவர்களை விடச் சத்தமாகச் சிரித்தான். "வாத்து கைல பட்டா வாங்கிக்கினு வந்திருக்காப்பா?" என்றான். பிறகு தேவசகாயத்தின் தோளில் கைபோட்டு, தை மாதம் பெண் குழந்தைகளோடு தெருவில் நிற்கப் போகிறாரே என்று உருகினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

நான் இரண்டாம் முறை சொன்னேன். மூன்றாம் முறை தேவசகாயத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு அப்பா கட்ன வூடு கீது சார். நீங்க ஞாயித்துக்கிழமையில வாத்து பாப்பீங்க. எனுக்கு வூடு இல்ல. நான் எடந்தான் பாப்பேன்."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்தவன் பக்கத்தில் நின்று கத்தினாலும், தெருவில் நிற்கப் போகிறவன் காலை விடத்தான் செய்வான். அவர் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கினார். மேடான முதல் வரிசை மனைகளுக்கு விலை அதிகம், அவருக்குக் கட்டுப்படியானது கடைசிக்கு முந்தின வரிசை.

பிரியாணி சாப்பிட்டேனா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். பசி. ஆனால் சால்வையை வேனிலேயே போட்டுவிட்டு, அவர்களோடு திரும்பமாட்டேன் என்று மண்பாதையில் நடந்தேன். மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்தும் இரண்டு வேன்களும் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. ஜன்னலோரம் ரெஜினா சோப்பு வாத்தை மடியில் வைத்திருந்தார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். குடிலில் ஒரு கண்ணாடித் துண்டைப் படுக்க வைத்து ஏரி செய்திருந்தார். மேலே மூன்று ஊசிவால். கழுத்து அச்சு அசல். அதன் கரையில் தீப்பெட்டி அட்டையில் சின்னதாக ஒரு வீடு. "நம்ம வூடு" என்றார் ரெஜினா. கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

தை மாதம் அவர்கள் மாங்காட்டுப் பக்கம் இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கிடைத்த ஓவர்டைம் எல்லாம் பார்த்து, சில வருடத்தில் அந்த மனையில் வீட்டை எழுப்பினார் தேவசகாயம். முதலாளி மண் கொட்டியது முதல் வரிசைக்கு மட்டும். சம்பத் கேன்டீன் வேலையை விட்டு முழுநேரமாக மனை விற்கப் போனான். அவன் தனக்கென்று வீடு கட்டியது எங்கே தெரியுமா? குன்றத்தூரில், மலையடிவாரத்தில், நல்ல மேட்டில்.

அவர்கள் குடிபோன பிறகு வந்த முதல் பெருமழை டிசம்பரில் பெய்தது. மனசு கேட்காமல் மறுநாள் காலையில் கிளம்பினேன். ஒரகடத்தில் இறங்கி, மண்பாதையில் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். வீட்டு வாசலுக்குப் போனபோது தண்ணீர் தொடையைத் தொட்டது. உள்ளே கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்திக் குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள். ரெஜினா ஸ்டவ்வைத் தூக்கிப் பரண் மேல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இறங்கினார்.

"நீங்கதான சார் எங்கள இங்க இட்டாந்தீங்க?"

"நான் அன்னைக்கே சொன்னேனேம்மா. மூணு வாட்டி சொன்னேன்."

"சொன்னீங்க. நான் அத்த கேக்கல. இட்டாந்தது யாரு?"

ஹால் மூலையில் குடில் ஜோடித்திருந்த மேசை மூழ்கியிருந்தது. வைக்கோல், மாடு, ஆடு எல்லாம் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தன. நடு ஹாலில் மூன்று ஊசிவால்களும் நிமிர்ந்தபடி மிதந்துகொண்டிருந்தன. தேவசகாயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார், துடைத்தார், மறுபடி தண்ணீரிலேயே விட்டார்.

"கயுத்து சரியா வந்துட்ச்சு சார். பாருங்க, கவுறாம மெதக்குது" என்றார்.

அதற்குப் பிறகு நான் பைனாகுலரைத் தொடவில்லை. துறவு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். வெறுத்துப்போனது, அவ்வளவுதான். சம்பத்தை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. மூன்று முறை சொல்லியும் கேட்காத தேவசகாயத்தை நினைத்தாலும் வருகிறது. அந்த ஆத்திரம் நியாயமில்லை என்று தெரிகிறபோது இன்னும் அதிகமாக வருகிறது.

இனி, கேட்ட கேள்விகளுக்குப் பதில். பறவை பார்க்க முடியும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய, காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். குடும்பத்தோடு போகலாம், செருப்பு போதாது, பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் இப்போது எத்தனையோ ஓட்டல்கள். யாராவது ஓசியில் வேனும் கேசரியும் கொடுத்தால் ஏறுவதற்கு முன் யார் காசு என்று நான் கேட்ட கேள்வியைக் கேளுங்கள், நான் விட்டதைப் போல விட்டுவிடாமல் பதில் வரும்வரை கேளுங்கள். வாங்குகிற எண்ணத்தில் போகிறவர்கள் மண்ணைப் பார்க்காதீர்கள், மரத்தின் பட்டையைப் பாருங்கள். இப்போது அங்கே மரமும் இல்லை என்பது வேறு விஷயம்.

வழி தெரியவில்லையென்றால், மழை பெய்தால் எந்தத் தெருவில் கடைசியாகத் தண்ணீர் வடியும் என்று ஆட்டோக்காரரைக் கேளுங்கள், சரியாகக் கொண்டுபோய் விடுவார். அந்தத் தெருவில் ஒரு மாடி வீடு. தரைத்தளத்தில் யாரும் குடியில்லை. மிச்சமிருக்கிற ஏரித் துண்டுக்கு ஊசிவால்கள் இன்றும் வருகின்றன என்றும், அந்த மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகின்றன என்றும் அங்கே போய்வந்த நண்பர் ஒருவர் சொன்னார். கேட்டால் ஏற விடுவார்கள். வீட்டுக்காரர் உங்களோடு மேலே வரமாட்டார், வற்புறுத்த வேண்டாம். அந்த அம்மா டீ கொடுப்பார், குடியுங்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, உங்களை இங்கே யார் அனுப்பியது என்று கேட்பார். தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.